மஸ்டாங்கா, கமாரோவா

— உந்தக் கதையை என்னை நம்பச் சொல்லுறீரோ, றோஸி? மஸ்டாங் காருக்குக் கொம்பனியில அடிச்ச பெயின்றாம்! தட்டிப் பாரும், உள்ளுக்கு முழுக்கப் பள்ளம் அடைச்ச புட்டி.

— தட்டாதீங்க, மிஸ்டர் கதிர்காமநாதன். செத்துப்போன என் புருஷன்கூட அதுல கை ஓங்கினதில்ல. வேணாம்னா கமாரோவ எடுங்க.

— கமாரோவுக்கு எஞ்சின் மாத்தினது. பழைய கார் சேர்க்கிறவன் எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் பொருந்துதோ எண்டுதான் முதல் பாப்பான்.

— மாப்பிள்ள வீட்டுக்காரங்க சாதகம் பாக்கிற மாதிரி.

— ஓம். பொருந்தாட்டி அரைவிலை. ஆனா சத்தம் திறம். மஸ்டாங் செருமுது, கமாரோ உறுமுது.

— அப்ப கமாரோ?

— பொறும். மஸ்டாங்குக்கெண்டால் சாமான் தேடி எடுக்கலாம். கமாரோவுக்கு ஒரு கண்ணாடி உடைஞ்சாலும் அமெரிக்காவுக்குத்தான் எழுதவேணும்.

— ஞாயிறு ஞாயிறா இதே கதை. ஒரு வாரம் மஸ்டாங், மறு வாரம் கமாரோ. என் பிளேன்டீதான் முடியுது.

— தேத்தண்ணிக்கும் சொல்லிக் காட்டுறீரோ? என்ரை மனிசி சிவமணி போனபிறகு, இன்னொரு ஆள் போட்டுத் தந்து நான் குடிக்கிறது இங்க மட்டுந்தான்.

— அதுக்காகச் சொல்லல. அவசரப்படக் கூடாதுதான்...

— நான் பள்ளிக்கூடம் போகாதவன். ஆரும் ஏமாத்திப்போடுவினம்.

— நான் ஏமாத்துவேனா?

— சிலுவை போட்ட வேதக்காரரோட எனக்குப் பழக்கம் குறைவு.

— ஜேசுவே! வெள்ளவத்தைல இருந்து கொட்டாஞ்சேனைக்கு வழியெல்லாம் செக்பொயின்ட். யாழ்ப்பாணத்து அடையாள அட்டைய நீட்டி நீட்டி வர்றீங்க. போன வாரம் பஸ்ஸ விட்டு எறக்கி வெயில்ல நிறுத்தினாங்க. ஒரு காருக்கா இந்தப் பாடு?

— எங்க போறாய் எண்டு ஆமிக்காரன் கேட்டான். கார் பாக்க எண்டன். சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்.

— சிரிக்க மாட்டானா? சண்டைக் காலத்துல ஊரே உசிரக் கையில புடிச்சிட்டு நிக்குது, இந்தக் கிழவன் கார் பாக்கப் போகுது!

— கிழவனோ?

— கேளுங்க மிஸ்டர். இன்னிக்கு முடிவு சொல்லணும். சாயந்தரம் கொள்ளுப்பிட்டிக்காரர் ஒருத்தர் வர்றார். ரெண்டையும் எடுப்பார். அப்புறம் கராஜையும் வித்துட்டு நீர்கொழும்புல அக்கா வீட்டோட போயிருவேன்.

— நீர்கொழும்புக்கோ?

— ஆமா. ஞாயித்துக்கிழமைல நீங்க வேற எடம் பாத்துக்கங்க.

— உந்தக் கொள்ளுப்பிட்டியான் கள்ளன்.

— ஆளப் பாக்காமலே கள்ளனா?

— ஆரெண்டாலும் கள்ளன்தான்.

— பேச்ச மாத்தாதீங்க. மஸ்டாங்கா, கமாரோவா?

— றோஸி...

— சொல்லுங்க.

— எனக்குக் கார் ஓடத் தெரியாது.

— அது எனக்குத் தெரியும்.

— எந்த நாய் சொன்னது?

— நீங்கதான். மொத நாள் மஸ்டாங்ல வலப்பக்கமா ஏறினீங்க. அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், மிஸ்டர். ஸ்டியரிங்கே இல்லாத சீட்டுல நிமிந்து குந்திக்கிட்டு, 'வளைக்க நல்ல லேசு'ன்னீங்க. குசினிக்குள்ள ஓடிப்போய்ச் சிரிச்சேன். அந்த மனுசன் செத்த பெறகு நான் சிரிச்சது அன்னிக்குத்தான்.

— சரி, சிரியும். பிறகும் ஏன் கிழமைக்குக் கிழமை ரெண்டையும் தொடைச்சு வைச்சுக் காட்டினனீர்?

— வித்துட்டா வரமாட்டீங்களே. கொள்ளுப்பிட்டிக்காரர்ன்னு ஒருத்தரும் இல்ல. ஏறுங்க, அதே வலப்பக்கம். நான் ஓட்டுறேன்.