அன்னிக்கு மாட்டாம இருந்த சென்சார்

இல்ல இல்ல, நீங்க ஸ்டூல்லயே ஒக்காருங்க ஜெயகுமார். எனக்கு நின்னே பழக்கம். கதவ நான்தான் சாத்துனேன், குளிரு வெளிய போச்சுன்னா மேனேஜர் தம்பிராஜா என்னத்தான் திட்டுவாரு. இன்னிக்கு லீவு, கிலாங்குல, இந்த இறால் ஃபேக்டரி முழுக்க ஒரு ஈ காக்கா இல்ல. யாரு வந்து நம்மள தொந்தரவு பண்ணப் போறா?

என் தம்பி பொண்டாட்டி கஸ்தூரியா? வெளிய நிக்குது. புருசன் விழுந்து செத்த எடத்துல ஒரு கற்பூரம் ஏத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சும் அதுக்கு மனசு ஆறல. பாவம்னு தம்பிராஜா திறந்து விட்டாரு. தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துச்சு, வாசலப் பாத்ததும் கால் உள்ள வரமாட்டேங்குது. நிக்கட்டும், கொஞ்ச நேரம் அழுதுட்டு வரட்டும். நீங்களும் கூட இருக்கணும்னு நான்தான் கேட்டேன். இந்த ரூமுக்கு அலாரம் சிஸ்டம் போட்டவரு நீங்கதானே, உங்கள விட்டுட்டு எப்படி?

நாளைக்கு என் தம்பி சாவுக்கு விசாரணை. வசந்தனோட அக்காங்கற மொறையில எனக்கும் கொஞ்ச நேரம் பேச குடுத்திருக்காங்க. அங்க ஒக்காரப் போறவங்களுக்கு கம்ப்யூட்டர்னா பேஸ்புக் மட்டுந்தான். அவங்களுக்கு கர்னல்னா என்னன்னு புரிய வைக்கணும். உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிப் பாக்குறேன், தப்பா இருந்தா திருத்துங்க, சரியா? கூச்சப்படாதீங்க. நானும் உங்க ஜாதிதான் லா. பெர்மாஸ் ஜெயாவுல இருந்து இருட்டோட கெளம்பி, பாலத்து ஜாம்ல கெடந்து, சிங்கப்பூர் போயி கர்னல் கட்டுறதுதான் என் பொழப்பு. நீங்க போடுற மாதிரி சின்னச் சின்ன கம்ப்யூட்டர் பெட்டிங்களுக்குத்தான்.

இப்ப பாருங்க. அந்தா செவுத்துல பச்சை லைட்டு எரியுதே, அந்தப் பெட்டி. அதுக்குள்ள மூளை மாதிரி இருக்குறது கர்னல். பெட்டியில என்ன சாமான மாட்டுனாலும், அதுகூட பேசத் தெரிஞ்ச டிரைவர் கர்னல்ல இருக்கணும். இல்லன்னா சாமான் மாட்டியிருக்கும், ஆனா பெட்டிக்குத் தெரியாது. கர்னல் கட்டும்போது ஒவ்வொரு டிரைவருக்கும் நம்மளக் கேக்கும். இத உள்ளயே வச்சுக் கட்டவா, இல்ல தனியா வச்சுக்கிட்டு வேணும்போது கூப்புட்டுக்கவா, இல்ல வேணவே வேணாமா? ஆயிரக்கணக்குல கேக்கும். யாரு ஒக்காந்து அத்தனைக்கும் பதில் சொல்றது? எனக்குப் பொறுமை கெடையாது. உங்களுக்கும் இருந்திருக்காது.

சரியா சொல்றேனா? அப்பன்னா சரி.

அதான் நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரு குறுக்கு வழி வச்சிருக்கோம். இந்த நிமிசம் பெட்டியில எதெது மாட்டியிருக்குன்னு நீயே பாரு, அதுக்கு உண்டான டிரைவர மட்டும் வச்சுக்க, மிச்சத்தையெல்லாம் தூக்கிப் போடு. ஒரே கட்டளை. டப்புன்னு வேலை முடிஞ்சிரும், பெட்டியும் சீக்கிரம் கெளம்பும், பாஸும் சந்தோசமா இருப்பாரு. நானே பண்ணிருக்கேன், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒன்னு. அன்னிக்கு எது மாட்டாம இருந்துச்சோ, அதுக்கு டிரைவர் போச்சு. அப்புறம் நீங்க கொண்டாந்து மாட்டுங்க, பொட்டு வச்சு பூ வச்சு மாட்டுங்க, பெட்டி திரும்பிக்கூட பாக்காது. என் ஆபீஸ்ல ஒருக்கா இப்படி பிரிண்டர் போச்சு. எல்லாரும் சிரிச்சுட்டு மறுபடி கட்டுனோம்.

இந்த ரூம்ல இருக்குறது பிரிண்டர் இல்லையே ஜெயகுமார்.

இறால ஒறைய வைக்க நைட்ரஜன் விடுறாங்க. நெறம் இல்ல, வாசம் இல்ல. அதுதான் எனக்குத் தூக்கம் வராத விசயமே. மூச்சு முட்டும்னு நெனைப்போம்ல, முட்டவே முட்டாதாம். நல்லா இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருப்போம், உடம்புக்குப் போவ வேண்டியது மட்டும் அதுல இருக்காது. அப்படியே கால் மடங்கிரும். அதுக்குத்தான அங்க தொங்குது ஆக்சிஜன் சென்சார். கொறஞ்சா பெட்டிக்குச் சொல்லும், பெட்டி மணி அடிக்கும், உள்ள இருக்குற ஆளு ஓடணும்.

நீங்க புது கர்னல் ஏத்துன அன்னிக்கு அந்த சென்சார் எங்க இருந்துச்சு தெரியுமா? என் வீட்டு சோபா மேல.

ஆமா, சொல்றேன் கேளுங்க. சென்சார சரி பாக்குறதுக்கு ஜேபி டவுனுக்கு அனுப்புவாங்கள்ல, வசந்தன்தான் கழட்டி எடுத்துக்கிட்டு வந்தான். இங்க பத்து பாகாட் ஊர்ல இருந்து கெளம்பும்போதே போன் பண்ணிட்டான். அக்கா, ஒன் வீட்டுப் பக்கம்தான் வரேன், மீன் கொழம்பு வையி, கருவாடு கிருவாடுன்னு ஏமாத்திறாதன்னான். சென்சார் பெட்டிய சோபாவுல பிள்ளை மாதிரி படுக்க வச்சுட்டு ஒக்காந்து சாப்புட்டான். அவசரமா போவணுமாடான்னு கேட்டேன். இல்லக்கா, இன்னிக்கு ஜெயகுமார் வந்து பெட்டிக்குப் புதுசா என்னமோ ஏத்துறாரு, மெதுவா போனா போதும்னான். இன்னொரு தட்டு சோறும் வாங்குனான். நானும் அதே வேலை செய்யுறவதான். சென்சார கழட்டிட்டு வந்திருக்கானே, அங்க கர்னல் மாத்துறாங்களேன்னு என் மரமண்டைக்கு ஒறைக்கல. அலமாக், அதெல்லாம் யாருக்கு அந்த நேரத்துல தோணும்?

திரும்பப் போயி அவனே மாட்டுனான். சென்சாருக்குன்னு சின்ன ஸ்க்ரீன் இருக்குல்ல, அதுல நம்பர் வந்துச்சு. பெட்டியில பச்சை எரிஞ்சுச்சு. வேற என்னத்த பாப்பான் அவன்? அந்தப் பச்சை கரண்ட் இருக்குன்னு மட்டுந்தான் சொல்லுதுன்னு யாரு அவனுக்குச் சொன்னா? அப்புறம் நைட்ரஜன் கசிஞ்சப்ப, மணி அடிக்கும்னு நம்பி உள்ளயே நின்னான்.

இல்ல, இருங்க, நான் முடிச்சுக்குறேன். எனக்குத் தெரியும் நீங்க விசாரணைக்கு என்ன எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு. சிஸ்டம் நல்லா இருக்கு, மணி அடிச்சுச்சு, தொழிலாளி காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு கவனிக்காம இருந்துட்டாரு. அவ்வளவுதான். அழகா எழுதியிருக்கீங்க.

நீங்க எழுதுனது கஸ்தூரி வீட்டுல என்ன பண்ணிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? மாலை போட்ட வசந்தன் படத்த கஸ்தூரி செவுத்துப் பக்கமா திருப்பி வச்சிருக்கு. நான் போயி திருப்புனா, மறுபடியும் திருப்பி வைக்குது. என்னம்மா இதுன்னா, பாட்டு கேட்டுக்கிட்டே செத்திருக்காரு அண்ணி, எங்கள நெனைச்சுப் பாக்கலன்னு சொல்லுது. செத்தவன் மேல கோவம். தீத்துக்குறதுக்கு ஆளு இல்லாத கோவம் அது. நாளைக்கு விசாரணைக்காரங்களும் உங்க பேச்ச அப்படியே எழுதிட்டாங்கன்னா, அந்தப் படம் காலத்துக்கும் செவுத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். எனக்கு வேற ஒன்னும் வேணாம் ஜெயகுமார். என் தம்பி மூஞ்சி இந்தப் பக்கம் திரும்பணும்.

நாந்தான் முன்னாடியே கேட்டேனே உங்கள. எந்தெந்த டிரைவர் வச்சீங்கன்னு பதிவாயிருக்குற கான்ஃபிக் ஃபைல காட்டுங்கன்னேன். அழிஞ்சுருச்சுன்னீங்க. பெட்டிய நானே தொறந்து பாக்குறேன்னேன். வாரண்டி போயிரும்னீங்க. சரிப்பா, சென்சார் மேல கொஞ்சம் நைட்ரஜன் அடிச்சு மணி அடிக்குதான்னு பாத்துருவோம்னேன். அதெல்லாம் தேவையில்ல, நாங்க டெஸ்ட் பண்ணிட்டோம்னீங்க. நீங்க சொல்றதத்தான் தம்பிராஜாவும் கேக்குறாரு. படிச்சவரு சொல்றீங்கள்ல. நாளைக்குக் காலையில இதே ரூம்ல மறுபடியும் ஆளுங்க வேலைக்கு ஏறுறாங்க, தெரியுமா?

இப்பவும் கேக்குறேன். அந்த மணி அடிக்குமா?

அடிக்கும். சரி. நல்லது. நீங்க சொன்னா சரிதான்.

என்ன, கொட்டாவி விடுறீங்க? குளிருக்கு அப்படித்தான் இருக்கும். ஜாக்கெட் ஜிப்ப ஏத்தி விடுங்க. தலை வலிக்குதா? இல்லையா? கேட்டேன், அவ்வளவுதான். முகம் ஒரு மாதிரியா இருக்குற மாதிரி பட்டுச்சு. எனக்கும் லேசா கண்ணு சொருகுது, நேத்தெல்லாம் தூங்கல.

நான் பின்னாடி போனதா? எப்ப? ஓ, நாம உள்ள வந்தப்பவா? ஆமா போனேன். நீங்க போன் பாத்துக்கிட்டு இருந்தீங்க. பைப்பு வருற எடத்தப் பாக்கணும்னு ஆசை. அவன் அங்கதான விழுந்து கெடந்தான்.

வால்வ தொறந்து விட்டுட்டு வந்தேன்.

நைட்ரஜன் வால்வுதான். வேற எது? நாம பேச ஆரம்பிச்சதுல இருந்து வந்துக்கிட்டுத்தான் இருக்கு. சத்தம் எங்க கேக்கும், அந்த ஃபேன் போடுற கூச்சலுக்கு? ஏன் எந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க. கொறஞ்சா மணி அடிக்கும்ல, அடிச்சதும் ரெண்டு பேரும் மெதுவா எந்திரிச்சுப் போவோம். அதுவரைக்கும் என்ன அவசரம்? பச்சை எரியுது பாருங்க.

ஜெயகுமார், ஸ்டூல தட்டி விட்டுட்டீங்க. பாத்து. என்ன கத்துறீங்க? ஃபேன் சத்தத்துல கேக்கல. அடிக்காதா? எது அடிக்காது? சத்தமா சொல்லுங்க. டிரைவர் இல்லையா? எதுல இல்ல? அந்தப் பெட்டியிலயா?

கதவத் தள்ளாதீங்க, இழுங்க. பூட்டல. உங்க பக்கமா இழுங்க.

ஆங், அப்படித்தான். வெளிய வந்தாச்சுல்ல, நல்லா மூச்சு வாங்குங்க. தண்ணி குடுங்க யாராச்சும். ஒன்னும் ஆகாது உங்களுக்கு, நான் தொறக்கல. பைத்தியமா எனக்கு? எனக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு. வால்வுல பூட்டு தொங்குது, சாவி தம்பிராஜா பாக்கெட்ல இருக்கு. இதோ பக்கத்துலதான நிக்கிறாரு, கேளுங்க. கதவுகிட்டயே நில்லுங்க சார், ஜெயகுமார் என்ன சொல்லிக்கிட்டு வெளிய வராருன்னு கேளுங்கன்னு மட்டும்தான் அவருகிட்ட சொல்லி வச்சேன்.

கஸ்தூரி, இங்க வாம்மா. தட்ட கீழ வையி. கேட்டேல்ல? பாத்தேல்ல எப்படி ஓடியாந்தாருன்னு? கேஸ் வருதுன்னு சொல்ல இவருக்கு நான் இருந்தேன், ஓடிட்டாரு. வசந்தனுக்கு யாருமே சொல்லலம்மா.