பித்தப்பைத் தியாகியின் கடைசிக் கவிதை

சிரிக்காதேங்கோ தங்கச்சி, உண்மையாத்தான் சொல்லுறன். பித்தப்பையிலை கல்லு எடுக்கப் போன மனுசன் மரணக் கவிதை எழுதி வாசிச்சுப்போட்டுத்தான் போனவர்.

ஓம், என்ரை மனுசன்தான். வினோதன். அஜின்கோர்ட்டிலை பஸ்ஸுக்குக் காத்து இருக்கிற வாங்கிலை பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு படம் இருக்கெல்லே, வீடு விக்க, வாங்க என்னைக் கூப்பிடுங்கோ எண்டு? அதுதான் ஆள். அவ்வளவு பல்லு இப்ப இல்லை.

முந்தி இந்தக் கவிதை விசர் இல்லை. காலமை கடையள் இருக்கிற மோலுக்குள்ளை நடக்கப் போறவர். அங்கை லாவ் எண்டு ஒரு சீனாக்காரர் சிநேகிதம். அவர்தான் சொன்னவராம், தங்கடை நாட்டுப் புரட்சிக்காரர் சுடக் கொண்டுபோறதுக்கு முதல் சிறைக்குள்ளை இருந்து கவிதை எழுதினவையெண்டு. காலிலை விலங்கு, விடிஞ்சா சாவு, ஆனா எழுத்திலை ஒரு நடுக்கமும் இல்லையாம். லாவ் அரைகுறை இங்கிலிசிலை சொல்லுவார், இவர் அதை அரைகுறைத் தமிழாக்கி எனக்கு வாசிப்பார். நான் மீன் வெட்டிக்கொண்டு நிப்பன். றீற்றா, கேளும், இவன் மண்டியிடமாட்டனாம் எண்டுவார். நல்லது, நீங்கள் ஒருக்காக் குனிஞ்சு உந்தக் குப்பைப் பையைக் கட்டுங்கோ எண்டுவன்.

பிறகுதான் இந்தக் கல்லு. சின்ன ஓட்டை போட்டு எடுக்கிறது, அண்டைக்கே வீட்டை போகலாம் எண்டு டொக்டர் சொன்னவர். இவருக்கு அது காதிலையே விழேல்லை. தாடி வழிக்கிறேல்லை, யன்னலாலை வெளியிலை பாத்தபடி இருப்பார். முதல்நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு இருத்திப்போட்டு எழும்பி நிண்டு வாசிச்சார் பாருங்கோ:

பித்தப்பையைப் பறிக்கலாம், என் பற்றைப் பறிக்கேலாது! கத்தியே வா, கலங்கமாட்டேன்!

என்ன பற்று எண்டு கேட்டன். அவருக்கே தெரியேல்லை. மகள் நிலக்சி, அப்பா, இட்ஸ் எ டே சேர்ஜரி எண்டுறாள்.

லாவும் தோடம்பழத்தோடை வந்திருந்தவர். இங்கிலிசிலை சொல்லிக் காட்டினம். மனுசன் சிரிக்கேல்லை. தன்ரை தாயின்ரை தம்பியும் அப்பிடிச் சுடுபட்டுச் செத்தவராம், இருவத்திரண்டு வயசிலை. அவர் கடைசியா எழுதினதிலை வீரமே இல்லையாம். அம்மா, என்ரை குளிர்ச்சட்டை இன்னும் நல்லா இருக்கு, தம்பிக்குக் குடுங்கோ, கை கொஞ்சம் நீளம், மடிச்சு விடச் சொல்லுங்கோ. அவ்வளவுதானாம்.

எங்கடை ஆள் கவிதைக் கடுதாசியை நாலா மடிச்சுச் சட்டைப் பைக்குள்ளை வைச்சிட்டார். எனக்கும் ஒரு மாதிரிப் போட்டுது.

எங்கை திருந்துறது! அடுத்தநாள் ஆஸ்பத்திரியிலை திரும்பத் தொடங்கிட்டுது. நேர்ஸ்பிள்ளை வந்து உடுப்பைக் கழட்டி இந்தக் கவுணைப் போடுங்கோ எண்ட, இவர் ஐ வில் நொட் சரண்டர் எண்டுறார். அந்தப் பிள்ளை பயந்து இன்னொரு நேர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்திட்டுது. பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்க, கையைப் பொத்தி உயர்த்திக்கொண்டு போனார் பாருங்கோ, உலகத்திலை ஒரு தியாகியும் அப்பிடிப் போயிருக்கமாட்டான். பின்னேரமே வீட்டை வந்திட்டார். வந்து முதல் கேட்டது இடியப்பமும் சொதியும்.

அதோடை நிண்டுதோ? பல்லுப் பிடுங்க ஒண்டு எழுதினார். கண் ஒப்பரேஷனுக்கு ஒண்டு. காருக்கு ரயர் மாத்தேக்கையும் ஒண்டு, சத்தியமா.

ஆ, அந்த நேர்ஸ் றீற்றா எண்டோ கூப்பிட்டவ? ஓம் ஓம், வாறன்.

இல்லைத் தங்கச்சி, இண்டைக்கு ஒப்பரேஷன் அவருக்கில்லை. எனக்குத்தான். மார்பிலை ஒரு கட்டி, வெட்டி எடுக்கப்போகினம். அவர் கார் விடப் போனவர், இடம் கிடைக்கேல்லைப் போலை.

கவிதையோ? எனக்கு ஒண்டும் எழுதேல்லை. டொக்டர் கட்டியெண்டு சொன்ன நாளிலை இருந்து பேனையையே தொடேல்லை. காலமை எழும்பிப் போய் என்ரை காரிலை பனி தட்டுறார். பனி கொட்டாத நாளிலையும் தட்டுறார். அதைப் பாத்த பிறகுதான் எனக்குப் பயம் பிடிச்சது.

சரி, நான் போட்டு வாறன். நீலக் கோட், வழுக்கைத் தலை, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வருவார். அவ சிரிச்சுக்கொண்டுதான் உள்ளை போனவ எண்டு சொல்லிவிடுங்கோ, என்ன.