நாற்பது பேர் இறங்கினால் நாற்று யார் பறிப்பது?

அவைக்குத் தலைமையேற்று, "அஞ்சே நிமிஷம் டீச்சர்" என்று காதோரம் கண்டிப்புக் காட்டியிருக்கும் தலைமையாசிரியர் நெடுமாறன் அவர்களே! இப்பள்ளிக்குக் கூரையும் குடிநீரும் கொண்டுவந்த பெற்றோர் கழகத் தலைவர் ஷேக் பரீத் அவர்களே! ஊர்ப் பெரியோர்களே! சம்பா நடவை அரைநாள் நிறுத்திவிட்டு, காலில் ஈரம் காயாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கணக்குக்குப் பயந்து கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் என் கண்மணிகளே! விஜயலட்சுமி டீச்சர் உங்களை வணங்குகிறேன்.

இருபத்தெட்டு ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி! பெருமை! ஆனால் இது என் தோளில் தங்கப்போவதில்லை. ஏன்? சொல்கிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் கம்பீரமாக எழுதினேன்: 'பத்துப் பேர் ஒரு வயலை நான்கு நாளில் நட்டால், நாற்பது பேர் எத்தனை நாளில் நடுவார்கள்?' வகுப்பே "ஒரு நாள்" என்றது. ஒருத்தி மட்டும் சிரித்தாள். அவள் பெயர் பூவிழி.

"என்னடி சிரிப்பு?"

"நாப்பது பேரும் நடவுல எறங்கிட்டா நாத்து யாரு டீச்சர் பறிக்கிறது? யாரு தூக்கியாந்து போடுறது?"

நியாயமான கேள்வியா? நூற்றுக்கு நூறு! நான் பதில் சொன்னேனா? பாராட்டினேனா? "வெளியே போடி" என்றேன். தஞ்சாவூர் டவுனில் பிறந்து, மூன்று வேளையும் இந்த மண்ணின் சோற்றைத் தின்று, நாற்றைக் கையால் தொட்டறியாத நான், அந்தப் பெண்ணைத் துரத்தினேன்!

மறுநாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் செய்தி வந்தது. அம்மா அம்சத்தோடு நடவுக்குப் போகிறாள், இனிப் பள்ளிக்கே வரமாட்டாளாம். ஒரு பிள்ளையின் படிப்பை ஒரு வார்த்தையால் அறுத்துவிட்டேனே, பாவி!

மதிய இடைவேளையில் வயலுக்கு ஓடினேன். வரப்பில் நின்று கூப்பிட்டேன். பூவிழி குனிந்த தலை நிமிரவில்லை. சரி, நாமே போவோம் என்று கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு சேற்றில் காலை வைத்தேன். அவ்வளவுதான், குப்புற விழுந்தேன்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அன்றைக்கும் இருபது பெண்கள் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அம்சம்தான் கைகொடுத்துத் தூக்கினார். "மன்னிச்சிருங்க, ஒங்க பொண்ணு சொன்னதுதான் சரி. நான் வெளிய அனுப்புனது தப்பு" என்றேன்.

"புதுசா வர்ற பொண்ணு கோணலா நட்டா, நாங்க வரப்புல ஏத்தியா விடுறோம்? பக்கத்துல நிறுத்தி நட்டுக் காட்டுவோம் டீச்சர்" என்றார்.

பட்டம் சொல்லித் தந்ததா இதை? பயிற்சி சொல்லித் தந்ததா இதை? பாடநூல் சொல்லித் தந்ததா இதை? சேற்றில் நின்ற ஒரு தாய் சொல்லித் தந்தார்!

"திங்கக்கிழமை வந்து அந்தக் கணக்க நீயே போர்டுல சரிபண்ணு. வருவியா?" என்று பூவிழியைக் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். "போடி" என்றார் அம்சம். நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தேன். நான் சொன்னது வெளியே துரத்தியது, தாய் சொன்னது உள்ளே அனுப்பியது.

வந்தாள். சாக்பீஸை வாங்கினாள். பத்துப் பேரையும் பறிப்பவர் மூவர், சுமப்பவர் ஒருவர், நடுபவர் அறுவர் என்று பிரித்துப் போட்டாள். அன்றுதான் என் வகுப்பில் முதன்முதலாக ஒருவரும் கொட்டாவி விடவில்லை. அன்றுமுதல் வாரம் ஒரு கணக்கு எழுதி, "இதுல என்ன தப்பு?" என்று கேட்கிறேன். சிரிப்பவரைப் பலகைக்கு அழைக்கிறேன்.

அந்தப் பூவிழி கணிதத்தில் முதுகலை முடித்து, வரும் திங்களன்று மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேருகிறாள். தட்டுங்கள் கையை! இன்னும் பலமாக!

என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். இந்தப் பொன்னாடை யாருக்கு என்று இப்போது தெரிந்திருக்குமே? அம்சம் அக்கா, மேடைக்கு வாங்க. என்ன, கால்ல சேறா? அந்தச் சேத்தோடயே வாங்க. பாத்து ஏறுங்க, படி வழுக்கும். இந்தாங்க, இன்னிக்கி என் கையப் பிடிச்சுக்குங்க.