அவிநாசியில் தூக்கிய கை

கோயமுத்தூர் ஜில்லாவில் மோட்டார் வைத்திருப்பவர்களில் என்னைப்போல நிதானமாக ஓட்டுகிறவர் இல்லை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஐயா. எதிரே மாட்டு வண்டி வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன். காங்கேயம் காளைகள் ஹாரன் சத்தம் கேட்டால் மிரளும். மிரண்டால் பாரம் கவிழும். பாரம் கவிழ்ந்தால் அந்தப் பாவம் நமக்குத்தானே வரும்? அவ்வளவு தூரம் யோசிக்கிறவன் நான். இதை முதலில் எழுதிக்கொண்டீர்களானால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சரியாக விளங்கும்.

என் பெயர் நஞ்சுண்டன். பீளமேட்டுக்குக் கிழக்கே எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆளாளுக்கு நூல் மில் கட்டினார்கள். நாங்களும் ஒன்றுக்கு அஸ்திவாரம் போட்டோம். இயந்திரங்களை நேரில் பார்த்து வாங்குவதற்காக நான் இங்கிலாந்து போவதென்று முடிவாயிற்று. எங்கள் வகையறாவில் கடல் தாண்டப் போகிற முதல் ஆள் நான்தான். மாமன் மச்சான்கள் எல்லோரும் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்கள். நான் போகாமல் நின்றுவிட்டால் அவர்களில் பாதிப் பேருக்கு வயிறு குளிரும் என்பதும் எனக்குத் தெரியும். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, பெட்டி வாங்கியாகிவிட்டது, குளிருக்குக் கம்பளிக் கோட்டும் தைத்தாகிவிட்டது. இதற்குமேல் போகாமல் இருந்தால் கோயமுத்தூரில் நான் தலைகாட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அங்கப்பன் எங்கள் டிரைவர். அவன் அப்பனும் பாட்டனும் எங்கள் பண்ணையத்தில் ஏர் பிடித்தவர்கள்; எஜமானைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் தெருவில் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் அவன்தான். அதைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பான். மழை வந்தால் தலையை மூடுவதற்கு முன்னால் அதைத்தான் மூடுவான். நல்லவன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

காங்கேயத்தில் என் மாமனார் வீட்டில் பயணம் சொல்லிக்கொண்டு, அன்று திருப்பூர் வழியாகத் திரும்பினோம். விருந்துச் சாப்பாடு, புது வண்டி, காலியான சாலை. இன்றைக்கு நான் ஓட்டுகிறேன் என்று அங்கப்பனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவிநாசியில் கோயில் தேர் நிற்கிற இடத்தைத் தாண்டும்போது சாலையோரம் நின்ற ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கினார். அவர் கை முழுதும் மேலே போவதற்குள் நாங்கள் அவரைத் தாண்டிவிட்டோம்.

“பண்ணாடி, போலீசுக்காரரு கையைத் தூக்குனாருங்க. நிக்கோணுமுங்களா?” என்றான் அங்கப்பன்.

நான் பார்க்கவில்லை என்றேன்.

“முள்ளு அம்பதைத் தொட்டுப்போட்டுதுங்க,” என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சாலையைப் பார்ப்பான், இல்லையென்றால் தூங்குவான். வேகம் காட்டுகிற முள்ளை எதற்காகப் பார்த்தான்? வீடு வந்து சேரும்வரை இந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. மறுநாளே அந்த முள்ளைக் கழற்றிவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் கழற்றிவிட்டான். ஏன் என்று கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரம் கப்பல் டிக்கெட் விஷயமாக ஏஜெண்ட் சீனிவாசலுவைப் பார்க்கப் போனேன். பாஸ்போர்ட்டுக்குப் போலீசிலிருந்து ரிப்போர்ட் போகவேண்டும் என்று சொன்னவர், “உங்க மேல கேஸு கீஸு ஒண்ணும் இல்லீங்களே?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“சும்மா, வண்டி வேகமாப் போனாப் போடுவாங்களே, அந்த மாதிரி கேஸு இருந்தா?” என்று கேட்டேன்.

“எந்தக் கேஸா இருந்தாலும் முடியற வரைக்கும் காயிதம் தூங்கிப்போடுமுங்க. கப்பலு நமக்காவ நிக்காதுங்க,” என்றார்.

எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் என்னிடமும் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது, இவருக்கு யார் சொன்னார்கள் என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு காக்கித் துணியைக் கண்டாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் காக்கி, பஸ் கண்டக்டர் காக்கி, எங்கள் மில் வாட்ச்மேனும் காக்கி. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் சம்மன் வந்துவிட்டது என்று எழுந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கே போய், என் வண்டி நம்பரை யாராவது குறித்துக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடலாம். கேட்கிறவனுக்குக் கேட்கக் காரணம் இருக்கிறது என்று அவர்கள் நினைக்க மாட்டார்களா? அதனால் கேட்கவில்லை. அபராதம் கட்டுவது எனக்கு ஒரு பொருட்டில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் கூண்டில் நிற்பதும், அதற்குள் கப்பல் போய்விடுவதும்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

யோசித்துப் பார்த்ததில் ஒரு சுலபமான வழி தெரிந்தது. சம்மன் வந்தால் வண்டியை ஓட்டியது டிரைவர் என்று சொல்லிவிடலாம். டிரைவர் வைத்திருப்பவன் வண்டியை டிரைவர்தானே ஓட்டியிருப்பான்? அங்கப்பனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான்.

“லைசென்சுல எழுதிப்போடுவாங்க பண்ணாடி. எம்பட பொழப்பே அது ஒண்ணுதானுங்க,” என்றான்.

நான் கோபப்படவில்லை. சரி, போ என்றேன். ஆனால் மறுநாள் விடிந்ததும் அவனே வந்து நின்றான். “நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லிப்போடறேனுங்க. நீங்க கவலப்படாம சீமைக்குப் போயிட்டு வாங்க,” என்றான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஐயா. முதல்நாள் மாட்டேன் என்றவன் மறுநாள் எப்படிச் சரியென்றான்? இடையில் யார் அவனுக்குப் புத்தி சொன்னார்கள்? எனக்காகப் பொய் சொல்லத் துணிந்தவன் நாளைக்கு இன்னொருவருக்காக உண்மை சொல்லமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதே வாரம் பீளமேட்டில் ஒரு காப்பிக் கடை முன்னால் அவன் காக்கிச் சட்டைக்காரர் ஒருவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் பஸ் கண்டக்டர் யாகூப் என்று பிற்பாடு தெரிந்தது. பஸ் கண்டக்டர் போலீஸ்காரரோடு பேசமாட்டாரா என்ன?

உயிரோடு இருக்கிற டிரைவரிடம் இரண்டு பதில் இருக்கும். இறந்துபோன டிரைவர் எந்தப் பதிலையும் மாற்றமாட்டான். நான் அவன்மேல் வெறுப்பு வைத்துச் செய்யவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இருந்தாலும் தெய்வ சம்மதம் இல்லாமல் எங்கள் குடும்பத்தில் எதுவும் செய்வதில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, கும்பிட்டு, ஒன்றை எடுப்பது வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு. என் மனைவி குழந்தையம்மாள், “ஏனுங்க, கடல் தாண்டறதுக்கு முன்னால அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போனோம். பொட்டலம் மடிக்கிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளை அரளியே வைத்தேன். சாமியை ஏமாற்றுகிற எண்ணமெல்லாம் இல்லை. முடிவாகிவிட்ட காரியத்தில் சாமிக்கு எதற்கு வீண் சிரமம் என்றுதான் அப்படிச் செய்தேன். குழந்தையம்மாள் கண்ணை மூடி என் பயணத்தைக் கேட்டாள். நான் அங்கப்பன் காரியத்தைக் கேட்டேன். வெள்ளைதான் வந்தது. அன்றைக்கு வீட்டில் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது அவள் இன்னொரு பொட்டலத்தையும் அவிழ்த்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதையும் நான் கவனிக்காமல் இல்லை.

எங்கள் தோட்டத்துக் கிணறு ஆழம். முன்பு மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கிணறு. இப்போது பாதி ஆழத்தில் ஒரு கல்மேடை கட்டி, மின்சார மோட்டாரும் பம்பும் வைத்திருக்கிறோம். ஒரு மத்தியானம், ஆட்கள் சோற்றுக்குப் போயிருந்த நேரத்தில், மோட்டாரின் சத்தம் சரியில்லை, இறங்கிப் பார் என்று அங்கப்பனைக் கூப்பிட்டேன். மோட்டார் என்றால் அவனுக்கு உயிர். லைசென்ஸ் நனைந்துவிடக் கூடாது என்று சட்டையைக் கழற்றி மேலேயே மடித்து வைத்துவிட்டு இறங்கினான். அவனுக்கு ஷாக் அடித்துவிடப் போகிறதே என்று நான் மறக்காமல் சுவிட்சை அணைத்தேன். பிறகு பின்னாலேயே இறங்கினேன். அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகில் கையை வைத்தேன். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அவனுக்கு நீச்சல் தெரியாது என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் தெரிந்திருந்தது. எங்கள் பண்ணையத்திலேயே வளர்ந்தவன், இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாமல் போயிற்று. கடைசிப் படியை அவன் கை எட்டிப் பிடித்தது. அதனால் அந்தப் படியில் நான் நிற்க வேண்டியதாயிற்று. அண்ணாந்து என்னைப் பார்த்தான். எதற்காக என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“நாந்தான் ஓட்டுனேனுங்க பண்ணாடி. நாந்தானுங்க,” என்றான்.

நான் நகரவில்லை. கிணற்றில் சத்தம் அடங்கிய பிறகு மேலே வந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னார்கள். அடக்கம் செய்த செலவு முழுதும் என்னுடையது. அவன் மனைவி பாவாத்தாள் காரியமெல்லாம் முடிந்து என்னைப் பார்க்க வந்தாள். லைசென்ஸை அதே துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“இதை சர்க்காருகிட்டக் குடுத்துப்போடோணுமுங்களா பண்ணாடி? போலீசு வந்தாப் பயப்படாம இதைக் காட்டு, பண்ணாடியை உட்டுக்குடுக்கக் கூடாதுன்னு அவரு சொல்லுவாருங்க,” என்று அழுதாள்.

அப்படியென்றால் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று அப்போது உறுதியாயிற்று. அவள் இன்னும் யார் யாரிடம் சொல்வாளோ? அழாதே, தோட்டத்தில் உனக்கு வேலை போட்டுத் தருகிறேன், வெள்ளிக்கிழமை மத்தியானம் கிணற்று மேட்டுக்கு வா என்று சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலையில் அவிநாசிப் போலீஸ்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதே முகம். கோவிந்தராஜுலு என்று பெயர் சொன்னார். நான் முந்திக்கொண்டேன். அன்றைக்கு வண்டியை ஓட்டியது எங்கள் டிரைவர், இப்போது அவன் உயிரோடு இல்லை, வேண்டுமானால் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சங்கடமாகச் சிரித்தார்.

“நானு அதுக்கு வருலீங்க. உங்க புது மில்லுல எம்பட மச்சானுக்கு ஒரு வேலை கேக்கலாம்னு வந்தனுங்க. அன்னைக்கு அவிநாசியில உங்களைப் பாத்தனுங்களே. அத்தனை வேகமா வந்தா அது பெரிய தொரையாத்தான் இருக்கோணும்னு நெனச்சு சலாம் போட்டுப்போட்டேனுங்க. ஸ்டேஷன்ல இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கறாங்க.”

“சலாமா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க, சலாந்தானுங்க,” என்றார்.

குழந்தையம்மாள் அவருக்குக் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மனத்துக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

“அப்பறம் நான் அவனை எதுக்குத் தள்ளுனேன்?”

குழந்தையம்மாள் காப்பியைக் கீழே வைத்தாள். “ரண்டுலயும் வெள்ளையே எதுக்கு வெச்சீங்கன்னு இப்பத்தானுங்க தெரியுது,” என்றாள். பிறகு அந்தப் போலீஸ்காரரைப் பார்த்து, “இவரைக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க,” என்றாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. யாரோ அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான், ஐயா. அங்கப்பனைக் கிணற்றில் தள்ளியது நான்தான். படியில் நின்றதும் நான்தான். பாவாத்தாளை வெள்ளிக்கிழமைக்கு எதற்காக வரச் சொன்னேன் என்பதையும் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், மறுக்கமாட்டேன். வாசித்துக் காட்டினீர்கள், ஏறக்குறைய எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடம் மட்டும் தப்பு. அவிநாசியில் நான் வண்டியை அதிவேகமாக ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்கு வண்டியை ஓட்டியது அங்கப்பன். கடைசியாக என் முகத்தைப் பார்த்து அவனே ஒப்புக்கொண்டான்.