எந்தப் பேரை அடிச்சாலும்

— ஏன் கண்ணு இளமதி, நம்ம நெட் சென்டர்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நம்பர் போடாமயே எந்திரிச்சுட்ட?

— தேவையில்லீங்க. மூலையில இருக்கற சர்வரு, பந்தியில எலை போடறாப்ல, வந்து உக்கார்ற மெசினுக்கெல்லாம் தானா நம்பர் குடுத்துரும். டிஎச்சிபின்னு பேரு.

— அப்ப டிஎன்எஸ்?

— அதுவும் அந்த சர்வர்லயேதான். சைட்டு பேரை அடிச்சா எங்க போவணும்னு அது சொல்லும். அது சொல்ற எடத்துக்குத்தான் எல்லா மெசினும் போவும்.

— நல்லது சாமி. நாமக்கல் ஆளுங்களைக் கூப்புட்டா, காரவள்ளி தாண்டி மலையேறுனதும் கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுக்கறானுங்க. நீ உங்கப்பன் விசயத்த மனசுல வெச்சுக்காம வந்தியே.

— இந்தக் கட்டடத்துக்குப் பாறை ஒடைக்கையில செத்தாருங்க. லேபர் ஆபீசுல என்ன சொன்னீங்க?

— அதெதுக்கு இப்ப. பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் புள்ளைங்க வாசல்ல நிக்குது.

— முத்தன்னு ஒருத்தன் எங்கிட்ட வேலையே செய்யலன்னீங்க. எங்கம்மா கையெடுத்துக் கும்புட்டதுக்கு, குடிச்சுட்டு உருண்டிருப்பான்னீங்க. சொட்டு குடிச்சதில்லீங்க அவரு.

— இரு, ரிசல்ட்டு சைட்ட அடிச்சுப் பாக்கறேன். இதென்னது, முத்தன் போட்டோ வருது?

— கீழ இருக்கறதப் படிங்க.

— 'முத்தன். காளியண்ணனின் கூலியாள். இந்தக் கட்டடத்துக்குப் பாறை உடைத்தபோது இறந்தார்.' ஏ புள்ள, எம்பேரு போட்டிருக்குது! வேற பேரை அடிச்சாலும் இதேதான வருது.

— எல்லா மெசின்லயும் அதேதாங்க. எந்தப் பேரைக் கேட்டாலும் அவருகிட்டயே கொண்டு போயி உடுது.

— எடுத்துரு கண்ணு. ஊரு பூரா உள்ள வரப் போவுது.

— எடுக்க ஒரு நிமிசம்தாங்க. அவரு யாருன்னு சொல்லுங்க. வாசலுக்குக் கேக்கறாப்ல.

— மானம் போயிருமே.

— எங்கப்பனுக்கு உசுரு போச்சுங்க.

— சரி. முத்தன் எங்கிட்ட வேலை செஞ்ச ஆளுதான். பாறைக்கு வெச்ச வெடி வெடிக்கல, போயிப் பாருடான்னு நாந்தான் எறக்கி உட்டேன். போதுமா? எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. பண்ணுனத அழி.

— அழிக்கறேன், நவுருங்க. ஆனா பண்ணுனது நானில்லீங்க, பாத்துட்டு அழிக்காம உட்டது மட்டுந்தான் நானு. நான் டீக்குப் போனப்ப சர்வர்ல உக்காந்திருந்தது உங்க மவன் ராசு. அன்னிக்குப் பாறையோரம் உங்க பக்கத்துல நின்னவன்.