வேரோடு எடுத்த மரங்கள்

எண்ணூர் வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கக் கூடாது. களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதுதான். மயங்கி விழுந்தால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? என் பொறுப்பில் இருந்தபோது ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட ஆனதில்லை, இன்ஸ்பெக்டர் சார். அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் ஆன்றோ. யானைக்கவுனியில் அப்பாவுக்குக் கருப்பட்டி மண்டி. எனக்கு வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை, இயற்கையில்தான் ஒட்டியது. ராயபுரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ‘கழிமுக நண்பர்கள்’ என்று பலகை மாட்டினேன். கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் வருவார்கள். கையில் ஜி.பி.எஸ். கருவியோடு கழிமுகத்தை நடந்து அளந்து, வரைபடத்தில் வண்ணம் தீட்டுவார்கள். காடு செழித்த இடம் பச்சை. அழிந்த இடம் சிவப்பு. சிவப்பில் அலையாத்திக் கன்று நடுவோம். முடிவில் சான்றிதழ் கொடுப்போம். நல்ல காரியம். நீங்களே சொல்லுங்கள், இதில் யாருக்கு என்ன கெடுதல்?

இரண்டாயிரத்து ஆறில் ஒரு கம்பெனி எங்களுக்கு ஆதரவு தர முன்வந்தது. உடனே வரைபடம் வேண்டும் என்றார்கள். நான் அறையிலேயே உட்கார்ந்து, சாட்டிலைட் படத்தைப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். ஆற்றின் வளைவில் ஒரு திட்டு கருத்துக் கிடந்தது. அழிந்த பகுதி என்று சிவப்பு அடித்தேன். கம்பெனிக்காரர்களுக்கு அந்தச் சிவப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மே மாதம் அதே இடத்தில் விழா, பெரிய அதிகாரி வருவார் என்று முடிவாயிற்று.

பொங்கல் முடிந்து இடத்தைப் பார்க்கப் போனேன். அடர்த்தியான அலையாத்திக் காடு. கொக்கும் நாரையுமாக ஒரே இரைச்சல். நான் சிவப்பு அடித்தது ஒரு மேகத்தின் நிழலை.

வேறு யாராக இருந்தாலும் வரைபடத்தைத் திருத்தியிருப்பார்கள். எனக்கும் அந்த யோசனை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படத்தைத் திருத்தினால் கம்பெனி கேள்வி கேட்கும். நிலத்தைத் திருத்தினால் நண்டுகூடக் கேட்காது. நிஜமாகவே செத்த இடங்கள் சுற்றிலும் இருந்தனவே என்பீர்கள். இருந்தன. அங்கெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் இன்னும் வந்துகொண்டிருந்தது, நட்டால் பிழைக்காது. என் திட்டில் மண் அருமையான மண். மரம் இருந்தது ஒன்றுதான் குறை.

தீனா என்று ஓர் ஆள், விறகு வெட்டுகிறவர். தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து வெட்டச் சொன்னேன். தண்ணீர் ஏறினால் அடிக்கட்டை வெளியே தெரியக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். வேலை சுத்தமாக இருந்தது. போகும்போது தீனா தலையைச் சொறிந்தார்.

“சார், கட்டையெல்லாம் உள்ள கூரா நிக்குது. இங்க பொம்பளைங்க முட்டி போட்டுகினு எறா தடவுவாங்கோ. நாலு கொம்பு நட்டு செவப்புத் துணி கட்டிட்டுப் போறேனே?”

நல்ல மனிதர். ஆனால் துணி கட்டினால் ஏன் கட்டினாய் என்ற பேச்சு வரும். வேண்டாம் என்றேன்.

அந்தப் பெண்கள் இறால் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வலை கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. கை இரண்டும் வேலையாக இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்தத் திட்டில் வழக்கமாகத் தடவுகிறவள் கெங்கம்மா. முதல் நாள் எனக்கு இடத்தைச் சுற்றிக் காட்டியதே அவள்தான். மரம் வெட்டியபோது மகள் பிரசவத்துக்காக மீஞ்சூர் போயிருந்தாள்.

விழாவன்று காலைதான் திரும்பி வந்தாள். மாணவர்கள் பச்சைச் சட்டை போட்டுக் கரையில் கன்றும் கையுமாக நின்றார்கள். அதிகாரிக்கு ஓர் ஆசை: பின்னணியில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி இறால் பிடிப்பதுபோல் இருந்தால் படம் உயிரோடு இருக்குமாம். நான் கெங்கம்மாவைக் கூப்பிட்டேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இன்னா சார், மரத்தயெல்லாம் காணோம்?”

“நோய் வந்து பட்டுப்போச்சும்மா. அதான் புதுசா நடுறோம்.”

“அடிக்கட்ட எதுனா உள்ள கீதா? ஒண்ணு குத்துச்சுன்னா பொயப்பே போச்சு சார்.”

என் பக்கத்தில் எழில்மொழி நின்றாள். வியாசர்பாடிப் பெண், அந்த வருடத்து மாணவிகளில் கெட்டிக்காரி. அதிகாரி கேமராக்காரரிடம் வெளிச்சம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா. எல்லாத்தையும் வேரோட எடுத்தாச்சு. தைரியமா இறங்கு.”

அவள் என்னை நம்பினாள். பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

வாயில் பறி இருந்ததால் அவள் கத்தவில்லை. சற்று நேரம் குனிந்தபடியே இருந்தாள்; பெரிய இறாலாக மாட்டியிருக்கும் என்று அதிகாரி சிரித்தார். பிறகுதான் தண்ணீர் நிறம் மாறியது. அடிக்கட்டை ஒன்று தொடையில் ஏறியிருந்தது. பிள்ளைகள்தான் தூக்கி வந்தார்கள். என் ஜீப் அருகிலேயே நின்றது, மறுக்கவில்லை. ஆனால் விழா பேனரின் ஒரு முனையை அதில்தான் கட்டியிருந்தோம். அதிகாரி அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார். எழில்மொழி கூச்சல் போட்டுக்கொண்டே ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தாள். திருவொற்றியூர் தாண்டும்போது கெங்கம்மாவின் உயிர் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். கைதட்டல் முடிந்ததும் நானும் கிளம்பிப் போனேன்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மகள் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது ஆறுதல் சொன்னேன். பழைய படகுத் துண்டு ஏதோ குத்தியிருக்கும் என்றேன். கெங்கம்மா பெயரில் ஒரு கன்றும் நட்டேன். செழிப்பாக இருக்கிறது.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. மேசைமேல் இருக்கும் வரைபடம் எழில்மொழியின் கை என்று பார்த்ததுமே தெரிந்தது. வற்றின நேரத்தில் தனியாக இறங்கி, சேற்றைத் தடவி, ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். கருவியைப் பிடிக்க நான் சொல்லிக்கொடுத்ததுதான். வடக்கைக் காட்டும் அம்புக்குறி போடவில்லை பாருங்கள். அவசரம். அவளுடைய சான்றிதழில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இப்படிப்பட்ட வேலைக்கு எப்படிப் போடுவது?

இன்னொரு குறையும் இருக்கிறது. அதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இதோ, இந்த வளைவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. கெங்கம்மாவைக் குத்திய கட்டை அது. மறுநாளே நான் இறங்கித் தோண்டி எடுத்துவிட்டேன். அது ஒன்றைத்தான் வேரோடு எடுத்தேன்.

அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள், சார். நானே வைத்துவிடுகிறேன். வரைபடத்தில் தப்பு இருந்தால் எனக்குப் பொறுக்காது.