பூச்சிக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மருத்துவமனைத் தோழர்களே, பூசை முடிந்த கையோடு வந்திருக்கும் காரங்காட்டுக் கருவாட்டுக் கொட்டகைத் தாய்மார்களே! ரத்தப் பரிசோதகர் குருநாதன் பேசுகிறேன். எனக்கு ஊசி குத்தித்தான் பழக்கம், மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் இன்று பேசாமல் இருக்க முடியாது. நம் மருத்துவர் மர்ஜானா அம்மையார் மறைந்து ஏழு நாளாகிவிட்டது.

முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன். நம் கொட்டகை ஜோதிமேரி அக்கா மூச்சு இளைத்து வரும்போதெல்லாம் ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு எக்கச்சக்கமாக இருக்கும். நான் என்ன சொன்னேன்? "வயித்துல பூச்சிக்கா, மாத்திரை போடு." ஒருமுறையா, இருமுறையா? நான்கு ஆண்டுகள்! அக்கா கொட்டகை வேலையையே விடும் நிலைக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் அம்மையார் இங்கு வந்தார். அக்காவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்தக் கிழமை மூச்சு நல்லா இருக்கு?"

"ஞாயித்துக்கெழம சுகமாத்தான் இருக்கேன் டாக்டரம்மா. திங்கக்கெழம கொட்டகைக்குப் போனா இளைக்குது."

ஞாயிறு நம் வள்ளத்துக்கும் ஓய்வு, கொட்டகைக்கும் பூட்டு. அம்மையார் என் பக்கம் திரும்பினார். "குருநாதன், பூச்சிக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?"

வெட்கிப்போனேன்! அவர் திட்டவில்லை. உட்காரவைத்துச் சொல்லித்தந்தார். என்ன வேலைக்குப் போவதென்று இன்னும் முடிவாகாத இளம் அணுக்கள் நம் ரத்தத்தில் உண்டாம். கிடைக்கும் சேதியைப் பொறுத்து அவை ஒரு படையில் சேரும். சிலர் உடம்பில் கருவாட்டுத் தூசி தவறான சேதி தந்து, அவற்றைப் பூச்சியை எதிர்க்கும் படைக்குத் திருப்பிவிடும். அந்தப் படை கூப்பிட்டுத்தான் ஈசினோபில் பெருகுகிறது. பூச்சியே இல்லாத இடத்தில் சண்டை, வீங்குவதோ மூச்சுக்குழாய்! அந்தச் சண்டையை அடக்கத்தான் தினமும் இழுக்கும் இன்ஹேலர். அக்காவைப் போல் இளைத்த உங்களுக்கெல்லாம் அம்மையார் அதைக் கொடுத்தார்.

நீங்கள் லேசுப்பட்டவர்களா? இளைப்பு நின்றதும் இன்ஹேலரைப் பெட்டியில் போட்டுப் பூட்டினீர்கள். அவர் விட்டாரா? திங்கள்தோறும் காலை ஆறு மணிக்குக் கொட்டகை வாசலில் நின்றார். "இழுத்தாச்சா?" என்று கேட்காமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. மழையிலும் நின்றார், நோன்பிலும் நின்றார். அந்த நன்றியை எப்படித் தீர்ப்போம்!

அடக்கத்தன்று தொண்டியில் அம்மையார் வீட்டு வாசலில் ஜோதிமேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இனிமே திங்கக்கெழம யாரு சார் வருவா?"

அதற்குப் பதிலை இந்தச் சபையில் சொல்கிறேன். நாளை திங்கள்கிழமை.

நான் வாரேன்க்கா.